கொல்லைப்புற கிரில் தீப்பிடித்தால்: எரிவது கேஸா, கொழுப்பா?

கேள்வி இதுதான். கொல்லைப்புறத்தில் கேஸ் கிரில், அதாவது இறைச்சி சுடுவதற்கான, மூடியுள்ள கேஸ் அடுப்பு. தோலோடு கோழித்தொடை வெந்துகொண்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆளுயரத்துக்குத் தீ. வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை எடுத்து அடிக்க, தீ இன்னும் பெரிதாகி வெளியே தெறித்திருக்கிறது. பிறகு மூடியைத் தள்ளி மூடி, சிலிண்டரை அடைத்ததும் சுமார் பத்து நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. அவருக்கு முன்கை சிவந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் இப்படி ஆனது, செய்தது சரியா, அந்த கிரில்லை இனி தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கையைக் கவனியுங்கள். சூடு பட்டு மூன்று மணி நேரம் ஆகவில்லை என்றால் இப்போது செய்தாலும் பலன் உண்டு: குளிர்ந்த குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் முழுசாக 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். தோலுக்கு அடியில் சூடு அப்போதும் இருக்கும், நிறுத்தாதீர்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, வெண்ணெய், மஞ்சள், மை எதையும் தடவ வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், சமையலறையில் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் மேலே போடலாம். சுற்றிச்சுற்றி இறுக்கக் கூடாது. காயம் உள்ளங்கையைவிடப் பெரிது என்றாலும், முகம், விரல்கள், மூட்டு, பாதம் ஆகிய இடங்களில் என்றாலும், தோல் வெள்ளையாகவோ கருகியோ இருந்து வலியே தெரியவில்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீ முகத்தருகே எழும்பியதால் இன்னொன்றையும் பாருங்கள். புருவமோ மூக்கு முடியோ பொசுங்கியிருந்து, குரல் கம்மினாலோ இருமல் நிற்காவிட்டாலோ மூச்சுக்குழாயில் சூடு பட்டிருக்கலாம். அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, உடனே போங்கள்.

இனி தீக்கு வருவோம். எரிந்தது கேஸ் அல்ல, கொழுப்பு. அதற்கான சான்று நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது: சிலிண்டரை அடைத்த பிறகும் பத்து நிமிடம் எரிந்தது. கேஸ் மட்டும் எரிந்திருந்தால் வால்வை மூடிய சில வினாடிகளில் அணைந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்த முறை கை சரியான இடத்துக்குப் போகும். எரிவது எது என்பதைப் பொறுத்து அணைக்கும் முறையே மாறுகிறது. ஒன்றுக்குச் சரியானது மற்றதற்கு ஆபத்து.

கொழுப்புத் தீ அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு கம்பித் தட்டின் இடைவெளி வழியாக, பர்னருக்கு மேலே கூரை மாதிரி மடித்து வைத்திருக்கும் தகடுகளில் விழுகிறது. கொஞ்சம் அங்கேயே புகைந்துபோகும். மீதி வழிந்து பெட்டியின் அடிக்கும், அங்கிருந்து அடித்தட்டுக்கும், அதன் கீழே தொங்கும் சின்னக் கிண்ணத்துக்கும் போகும். வழியெல்லாம் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். பத்துச் சமையலுக்குப் பிறகு பெட்டியின் உட்சுவரை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: மேலே கறுத்து உலர்ந்த ஓடு, அதற்குக் கீழே பழுப்பாய்ப் பசை. அந்தப் பசைதான் எரிபொருள்.

மூடி போட்டு எல்லா பர்னரையும் முழுசாகத் திறந்துவிட்டால் கிரில்லுக்குள் 300 டிகிரி செல்சியஸை எளிதாகத் தொடும். சமையல் கொழுப்பு 200 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் புகையத் தொடங்குகிறது. 300-ஐத் தாண்டினால் அதன் ஆவியில் ஒரு பொறி போதும். 350 முதல் 400 டிகிரிக்குள் பொறியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். கீழே தட்டு நிறையப் பழைய கொழுப்பு, மேலே தோலிலிருந்து புதிதாகச் சொட்டுகிற கொழுப்பு, நடுவில் பர்னர். மூடிக்குள் காற்று குறைவாக இருந்ததால் அது அரைகுறையாகப் புகைந்துகொண்டிருந்திருக்கும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து எல்லாம் ஒரே மூச்சில் எரிந்திருக்கிறது. மூடியின் ஓரத்திலிருந்து வழக்கமான வெள்ளைப் புகைக்குப் பதிலாக அடர்ந்த, மஞ்சளோ கறுப்போ கலந்த புகை வந்தாலோ, வெப்பமானி முள் நீங்கள் வைத்த சூட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, உள்ளே இதுதான் நடக்கிறது. அப்போது மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். முதலில் கேஸை அடையுங்கள்.

தண்ணீர் ஏன் காரியத்தைக் கெடுத்தது? தண்ணீர் கொழுப்பைவிடக் கனம், கீழே இறங்கும். 300 டிகிரி கொழுப்புக்குள் இறங்கிய தண்ணீர் அந்தக் கணமே நீராவியாகிவிடும். நீராவிக்குத் தண்ணீரைப் போலச் சுமார் 1700 மடங்கு இடம் வேண்டும். அது வெடித்து மேலே வரும்போது எரிகிற கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறடிக்கும். ஒவ்வொரு துளிக்கும் சுற்றிலும் காற்று கிடைக்கும். அதனால்தான் தண்ணீர் பட்டதும் தீப்பந்து எழுகிறது. ஒரு தம்ளர் தண்ணீரே இதற்குப் போதும். குழாயின் வேகமும் சேர்ந்தால் துளிகள் வேலிவரை போகும். கை மட்டும் சிவந்ததோடு போயிற்றே என்று நிம்மதியாக இருக்கிறது.

மூடியதும், சிலிண்டரை அடைத்ததும் சரி. வரிசைதான் மாற வேண்டும்: முதலில் கேஸ், பிறகு மூடி. முன்பக்கக் குமிழ்களை அடைக்க முடிந்தால் அவற்றை. தீ அங்கே விடவில்லை என்றால் நேராகச் சிலிண்டர் வால்வை, வலப்பக்கமாக, கடிகார முள் சுற்றும் திசையில். மூடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாணலிக்கு மூடி போட்டதும் தீ அணைவதுபோல கேஸ் கிரில்லில் அணையாது. கேஸ் உள்ளே தேங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பின்பக்கமும் அடியிலும் திறப்பு வைத்துத்தான் செய்கிறார்கள். மூடினால் காற்று குறையும், தழல் அடங்கும், வெளியே தெறிக்காது. ஆனால் உள்ளே இருக்கிற கொழுப்பு எரிந்து தீர வேண்டும். உங்கள் பத்து நிமிடக் கணக்கு அதுதான். சில நிறுவனங்களின் கையேடு மூடிவைக்கச் சொல்கிறது, சில கையேடுகள் மூடுவதால் மட்டும் தீ அணையாது என்று எச்சரிக்கின்றன. உங்களுடையது என்ன சொல்கிறது என்று ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்து: நீண்ட இடுக்கியால் பக்கவாட்டில் நின்று, தீக்கு மேலே குனியாமல் மூடியைத் தள்ள முடிந்தால் மூடுங்கள். குனிந்தால்தான் முடியும் என்றால் விட்டுவிடுங்கள். மூடிய பிறகு புகை நின்றாலும் குறைந்தது 20 நிமிடம் திறக்காதீர்கள். சூடு குறையாமல் திறந்தால் மறுபடி பற்றும்.

இறைச்சிக்குக் கீழே அவ்வப்போது நாக்கு நீட்டுகிற சின்னத் தழலையெல்லாம் தீ விபத்து என்று நினைக்க வேண்டாம். அது சொட்டுக் கொழுப்பு எரிவது. இறைச்சியை வேறு பக்கம் நகர்த்தி, கீழே உள்ள பர்னரை அடைத்தால் அரை நிமிடத்துக்குள் தணியும். நகர்த்திய பிறகும் அதே இடத்தில் எரிந்தால், எரிவது சொட்டு அல்ல, தட்டு. இறைச்சி போனால் போகட்டும் என்று கேஸை அடைத்துவிட வேண்டிய நேரம் அது.

சின்னக் கொழுப்புத் தீக்குச் சமையல் சோடா நல்லது. சூட்டில் அது கரியமில வாயுவை விடும், காற்றை விலக்கும். ஆனால் ஒரு தேக்கரண்டி போதாது. அரைகிலோ பொட்டலம் திறந்தபடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக, கொழுப்பின் மேல் விழும்படி கொட்ட வேண்டும். உப்பும், உலர்ந்த மணலும் உதவும். மாவு வேண்டவே வேண்டாம்: காற்றில் பறக்கும் மாவு தூசியே தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல. அதில் மாவுச்சத்து கலந்திருக்கும், அவசரத்தில் டப்பாவை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

தீயணைப்பான் வாங்குவதென்றால், எண்ணெய்த் தீக்கென்றே ஈர ரசாயனம் அடைத்தவை உண்டு. நாட்டுக்கு நாடு அவற்றில் எஃப் அல்லது கே என்று எழுதியிருக்கும். பொதுவாகக் கிடைக்கும் ஏபிசி உலர்தூள் வகையில் 2 கிலோவும் வெளியே வைக்கும் கிரில்லுக்கு உதவும். அதன் குறையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: தூள் தழலை அணைக்கும், கொழுப்பைக் குளிர்விக்காது. கேஸை அடைக்காமல் அடித்தால் தூள் தீர்ந்ததும் மறுபடி பற்றும், அப்போது கையில் ஒன்றும் இருக்காது. 2 கிலோ என்பது பத்து வினாடி சொச்சம்தான். ஊசியை இழுத்து, இரண்டு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று, தழலின் உச்சியை அல்ல அடியைப் பார்த்து, இடமும் வலமுமாகப் பெருக்குவதுபோல அடிக்க வேண்டும். கிட்டே நின்று அடித்தால் தூளின் வேகமே கொழுப்பைத் தெறிக்கவிடும். அதை கிரில்லின் பக்கத்திலேயே மாட்டி வைப்பவர்கள் நிறையப் பேர். தீப்பிடித்தால் அதை எடுக்கவே முடியாது. கிரில்லுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில், ஓடும் வழியில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் தீ வேறு மாதிரி. தழல் கிரில்லுக்குள் இல்லாமல் ரெகுலேட்டரிலோ, ரப்பர் குழாயிலோ, குமிழ்களுக்குப் பின்னாலோ தெரியும். அடுப்பு சீறுவதுபோலச் சத்தம் வரும். வால்வுக்குக் கை போகுமென்றால் அடையுங்கள், அதோடு முடிந்தது. கை போகாது என்றால் அந்தத் தீயை அணைக்க முயலாதீர்கள். கேட்கப் புதிராக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. தழலை மட்டும் அணைத்துவிட்டால் கேஸ் எரியாமல் வந்துகொண்டே இருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு. மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்திலும் படிக்கட்டுக்குக் கீழேயும் தேங்கி, எங்கோ ஒரு பொறியில் மொத்தமாக எரியும். எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரியும், எரியாத கேஸ் தெரியாது. சிலிண்டரின் உடம்பையே தழல் நக்கினால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறந்து நெருப்பை உமிழலாம். மேல்பாகத்து இரும்பு சூட்டில் இளகினால் சிலிண்டரே கிழிந்து வெடிக்கலாம். அங்கே ஒரு வினாடியும் நிற்கக் கூடாது. எல்லோரும் வீட்டின் முன்பக்கமாக, சுவர் மறைவுள்ள இடத்துக்குப் போய், தீயணைப்புத் துறையை அழைத்து, கேஸ் சிலிண்டர் தீயில் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

எந்தத் தீயாக இருந்தாலும் அரை நிமிடத்தில் கைக்குள் வராவிட்டாலோ, தழல் சுவரையோ கூரை விளிம்பையோ தொட்டாலோ, அதற்குமேல் போராட்டம் வேண்டாம். பெரியவர்கள் இருவர் இருந்தால், ஒருவர் கேஸைப் பார்க்கும்போது மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இருவரும் தீயை நோக்கித்தான் ஓடுவார்கள்.

உங்கள் தீ அணைந்துவிட்டாலும் வீட்டுச் சுவரைப் பார்த்தீர்களா? கிரில்லுக்கு நேர் பின்னால், மேலே கூரை விளிம்பின் அடிப்பலகையில், புறங்கையைத் தோலில் படாமல் அருகே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். பலகைக்குப் பின்னால் கனல் மணிக்கணக்கில் புகையாமல் இருந்து பிறகு எழும்பும். வெளிச்சுவருக்குப் பிவிசி பலகை அடித்த வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும், சுமார் 70 டிகிரியிலேயே அது இளகி வளைந்துவிடும். சூடோ புகை வாசமோ தெரிந்தால் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அணைந்த தீக்கு அழைக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். சுவருக்குள் கனல் இருக்கிறதா என்று பார்க்கும் வெப்பக் கேமரா அவர்களிடம் இருக்கும்.

கிரில்லைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்றால், எது எரிந்தது என்பதைப் பொறுத்தது. முழுசாக ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிலிண்டரின் பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, வால்வின் பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ அதைத் தொடவே கூடாது. வெளியில், நிமிர்ந்த நிலையில் வைத்து, கொடுத்தவரிடமே சொல்லி எடுத்துப் போகச் செய்யுங்கள். காரில் ஏற்றாதீர்கள். ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். ரெகுலேட்டருக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு; சூடு பட்டு அது இறுகியிருப்பது வெளியே தெரியாது. குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். முன்பு வழுக்கிக்கொண்டு திரும்பியது இப்போது கரகரவென்று முரண்டு பிடித்தால், வால்வுக்குள் இருந்த கிரீஸ் வெந்துபோயிருக்கிறது. அந்த வால்வு பாதியில் மாட்டிக்கொள்ளும், மாற்ற வேண்டும். பர்னரில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிசலாகியிருந்தால் அதுவும் புதிதாக வேண்டும். அடிப்பெட்டி அலுமினியம் என்றால் அது உருகுவதே 600 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில்தான். தொய்ந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்பதற்கு அதுவே அளவு. அந்த கிரில்லை விட்டுவிடுங்கள். தீயணைப்புத் தூள் அடித்தவர்களுக்கு ஒன்று: ஏபிசி தூள் ஈரம் பட்டால் அமிலத்தன்மையோடு இரும்பை அரிக்கும். ஆறியதும் அன்றைக்கே உலர்வாகப் பெருக்கி, பிறகு கழுவித் துடையுங்கள். அன்று மேலே இருந்த உணவு குப்பைக்குத்தான்.

இவையெல்லாம் தேறினால் சுத்தம் செய்யுங்கள். கம்பித் தட்டைத் தேய்ப்பதோடு நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் தீக்குக் காரணம். கம்பித் தட்டில் இருப்பது கொஞ்சம், அதற்குக் கீழேதான் எல்லாம். கம்பியையும் மடிப்புத் தகடுகளையும் வெளியே எடுத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் உட்சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டி, எல்லாவற்றையும் அடித்தட்டில் தள்ளி, தட்டைக் காலி செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மூடியின் உட்புறத்தில் பெயின்ட் உரிவதுபோலச் செதில் செதிலாகத் தொங்குவது பெயின்ட் அல்ல, கரியாகிப்போன கொழுப்பு, அதையும் சுரண்டுங்கள். கம்பி பிரஷ் பயன்படுத்தினால் பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். உதிர்ந்த கம்பி இழை உணவோடு தொண்டைக்குப் போன சம்பவங்கள் உண்டு. அடித்தட்டை ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் பார்ப்பது, நாலைந்து சமையலுக்கு ஒருமுறை முழுச் சுரண்டல், இது போதும். முழுத் தீயில் கால்மணி நேரம் எரியவிட்டுச் சுத்தம் செய்யும் வழக்கம் தட்டு காலியாக இருந்தால் சரி. நிறைந்திருந்தால் நாமே கொளுத்துவதற்குச் சமம். பெட்டியின் அடியில் அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். வழிந்து போக வேண்டிய கொழுப்பு அதன் மடிப்புகளில் குளமாக நிற்கும்.

பர்னரின் காற்றுக்குழாயையும் இந்த நேரத்தில் பாருங்கள். சிலந்திகள் அதற்குள் வலை கட்டும். வழி அடைபட்டால் கேஸ் பின்னால் திரும்பி, குமிழ்களுக்குப் பின்னே எரியும். வளையும் நீண்ட பிரஷ்ஷை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விட்டு இழுத்தால் போதும்.

சமைக்கும்போது கம்பித் தட்டில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் காலியாக, அதன் கீழே பர்னர் எரியாமல் வையுங்கள்; தழல் எழுந்தால் நகர்த்த இடம் வேண்டும். கோழித்தொடை போலக் கொழுப்பு அதிகம் சொட்டுவதைத் தீ இல்லாத பக்கத்தில் மூடி போட்டு வேகவைத்து, கடைசி நிமிடங்களில் தீப்பக்கம் கொண்டுவந்து தோலைச் சிவக்கவிடுவது நல்லது. மசாலாவில் எண்ணெய் கலந்திருந்தால் சொட்டச் சொட்ட வைக்காமல் வடிய விடுங்கள். கிரில் நிற்கும் இடம் சுவர், கூரை விளிம்பு, வேலி, கிளை எதிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கரி கிரில் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே மூடி நன்றாக வேலை செய்யும், மேலும் கீழும் காற்றுத் துவாரங்களைச் சேர்த்து அடைத்தால் தீ அடங்கும். கனன்றுகொண்டிருக்கும் கரியில் பற்றவைக்கும் திரவத்தை மறுபடி ஊற்றினால் தழல் கைவரை ஏறி வரும். சாம்பல் 48 மணி நேரம்வரை கனலை மறைத்து வைத்திருக்கும். மூடியுள்ள இரும்பு வாளி தவிர வேறெதிலும் கொட்டாதீர்கள்.

எல்லாம் மாற்றிச் சுத்தம் செய்தபின் முதல் தடவை பற்றவைக்கும் முன் கசிவுச் சோதனை. பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சமபங்கு கலந்து, குமிழ்கள் எல்லாம் அடைத்த நிலையில் சிலிண்டரை மெதுவாக ஒரு சுற்றுத் திறந்து, வால்வு, ரெகுலேட்டர், குழாயின் இரு முனை, குழாயின் முழு நீளம் ஆகியவற்றில் பிரஷ்ஷால் தடவுங்கள். சோப்பு நுரை அங்கேயே நின்றால் பரவாயில்லை. ஒரு குமிழி பெரிதாகிக்கொண்டே போனால் கசிவு. அடைத்து, இறுக்கி, மறுபடி தடவுங்கள். இரண்டாம் முறையும் வந்தால் வாஷரோ குழாயோ மாற வேண்டும். கசிவு இல்லையென்றால் மூடியைத் திறந்து வைத்து ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். ஐந்து வினாடியில் பற்றாவிட்டால் அடைத்துவிட்டு, மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருந்து பிறகு முயலுங்கள். மேலே எதையும் வைக்காமல் கால்மணி நேரம் பக்கத்திலேயே நின்று பாருங்கள்: தழல் நீலமாக, நுனியில் மட்டும் லேசான மஞ்சளோடு, எல்லாத் துளையிலும் ஒரே உயரத்தில் நின்றால் அடுத்த பர்னர்.